நீலக் கண்ணாடியில் தெரிந்த முகங்கள்

வங்க மக்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை இவை என்று, இங்கே குடியேறி வாழும் தமிழர்கள் கூடுமிடந்தோறும் ஒரு பட்டியல் சொல்வதுண்டு. அந்தப் பட்டியலில் நாடகப் பற்றுக்குத் தவறாமல் இடம் இருக்கும். ஆயினும், வங்கத்தின் பொது நாடகமேடை எந்த நாடகத்தோடு கதவு திறந்தது, அது யாருடைய கதையைச் சொல்லிற்று, அதன் பொருட்டுச் சிறை சென்றவர் யார் என்று கேட்டால், விடை சொல்லக் கூடியவர் நம்மில் சிலரே. அந்நாடகத்தின் பெயர் ‘நீல் தர்பண்’. தர்பண் என்பது வங்க மொழியில் கண்ணாடியைக் குறிக்கும்; முன்னோர்க்கு நீர் இறைக்கும் தர்ப்பணத்தோடு அதற்கு உறவில்லை. நீல் என்பது அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயம். ஆகவே நாம் அதை ‘நீலக் கண்ணாடி’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவுரி நமக்குப் புதிய செடியன்று. தென்னார்க்காட்டுப் பக்கத்திலும் அது பயிராகி, நீலக்கட்டியாகிக் கப்பலேறியதுண்டு. ஆனால் வங்காளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், நதியா, ஜெசூர், பாப்னா முதலிய மாவட்டங்களில் அது பயிரிடப்பட்ட முறை வேறு. அங்கே ஐரோப்பியத் துரைகள் ஊர்தோறும் சாயக் கொட்டில்கள் அமைத்தனர். நிலத்தை உழுத குடியானவனுக்குப் பிகா ஒன்றுக்கு இரண்டு ரூபாய் அளவில் முன்பணம் கொடுத்து, முத்திரைத் தாளில் ஒப்பம் வாங்கிக்கொண்டனர். ஒரு பிகா என்பது ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் துரையின் அளவுகோல் ஊர் அளவுகோலினும் நீண்டது. குடியானவன் பத்து என்று எண்ணிய நிலம் கொட்டிலின் கணக்கில் ஏழோ எட்டோ ஆகிவிடும். நெல்லுக்கு ஏற்ற நல்ல நிலத்திலேதான் அவுரியை விதைக்க வேண்டும். அறுத்த செடியைக் கட்டுக் கட்டாக அளந்து, வண்டிக் கூலி, விதைக் கூலி எல்லாம் கழித்தபின் குடியானவன் கையில் நின்றது பெரும்பாலும் கடனே. அந்தக் கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிற்று. முன்பணம் வாங்க மறுத்தவனுக்குக் கொட்டிலின் கிடங்கில் பூட்டும், தோல் வார் பொருத்திய தடியும் காத்திருந்தன. அந்தத் தடிக்குச் ‘சியாம்சாந்த்’ என்று கண்ணபிரான் பெயரை வைத்திருந்தார்கள் என்பதிலிருந்தே, அடித்தவர்கள் எவ்வளவு வேடிக்கையான மனிதர்கள் என்று அறியலாம்.

1859-ஆம் ஆண்டில் குடியானவர்கள் இனி அவுரி விதைப்பதில்லை என்று எழுந்தனர். ஊர் ஊராகப் பரவிய அந்த மறுப்பு 1860 வசந்த காலத்தில் உச்சத்தை எட்டிற்று. அரசாங்கம் முதலிற் செய்தது, ஒப்பந்தத்தை மீறிய குடியானவனைச் சிறையிலிட வழிசெய்யும் 11-ஆம் சட்டத்தை ஆறு மாதக் காலத்துக்கு நிறைவேற்றியது. அதனோடு ஒரு விசாரணைக் குழுவையும் அமைத்தது. ஸீட்டன்-கார் என்னும் அதிகாரியைத் தலைவராகக் கொண்ட அக்குழுவின் உறுப்பினர் ஐவர்: அரசாங்க அதிகாரிகள் இருவர், துரைமார் சார்பில் ஒருவர், பாதிரிமார் சார்பில் ஒருவர், நிலக்கிழார் சார்பில் ஒரு வங்காளப் பெருமகன். சாட்சி சொன்னவர்களிலே பாதிக்கு மேற்பட்டோர் குடியானவர்கள். குழுவிலே அமர்ந்தவர்களில் குடியானவன் ஒருவனும் இல்லை. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு நாடகத்தைத் திறப்பது நல்லது. நாடகத்திலும் இதே இருக்கை வரிசைதான் பெரும்பாலும் காணப்படுகிறது.

நாடகத்தை எழுதியவர் தீனபந்து மித்ரர். நதியா மாவட்டத்துச் சௌபேரியா என்னும் ஊரிற் பிறந்தவர். கல்கத்தாவிற் கற்றுத் தபால் இலாகாவில் வேலைக்கு அமர்ந்தவர். தபால் நிலையங்களைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்வது அவர் அலுவல். படகிலும் பல்லக்கிலும் அலைந்து, சாவடிகளிலே தங்கி, எல்லா வகுப்பினரோடும் பேசிப் பழகியவர். அவர் எழுதிய நாடகம் 1860 செப்டம்பரில் டாக்காவில் அச்சாகி வெளிவந்தது. அரசாங்க ஊழியர் ஆதலால் பெயரை வெளியிடவில்லை. ‘வழிப்போக்கன் ஒருவன்’ என்ற அளவிலே நிறுத்திக்கொண்டார். தபால்காரர் எழுதிய நாடகம் முகவரி இல்லாமல் வந்தது என்று நாம் நகைக்கலாம். அந்த மறைவு இல்லையேல் நாடகமும் இல்லை.

கதை மிக எளியது. ஸ்வரபுரம் என்ற ஊரிலே கோலோக் சந்திர பாசு என்னும் முதியவர். நிலபுலமும் நற்பெயரும் உடைய குடும்பம். மூத்த மகன் நவீன்மாதவ் குடும்பத்தை நடத்துகிறான். இளையவன் பிந்துமாதவ் கல்கத்தாவிற் படிக்கிறான். உட் என்ற பெரிய துரையும் ரோக் என்ற சின்னத் துரையும் சாயக் கொட்டிலை ஆள்கின்றனர். சென்ற ஆண்டு விதைத்த அவுரிக்கே பணம் வரவில்லை. இவ்வாண்டு இன்னும் மிகுதியான நிலத்தில் விதைக்கவேண்டும் என்று கட்டளை. நவீன்மாதவ் மறுக்கிறான். உடனே முதியவர் மீது பொய் வழக்கு. வழக்கு மன்றத்தில் துரை மாஜிஸ்திரேட்டின் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறான். சிறையிலடைக்கப்பட்ட கோலோக் மானம் பொறாது தூக்கிட்டு இறக்கிறார். இதற்கிடையே, குடியானவன் சாதுசரணின் மகளும் கருவுற்றவளுமான க்ஷேத்திரமணி, சின்னத் துரையின் அறைக்குக் கடத்தப்படுகிறாள். நவீன்மாதவும் தோராப் என்னும் முஸ்லிம் குடியானவனும் ஜன்னலை உடைத்துப் புகுந்து அவளை மீட்கிறார்கள். ஆயினும் வயிற்றில் விழுந்த அடியால் அவள் பிழைக்கவில்லை. தந்தையின் நீத்தார் கடன் முடியும் வரையிலேனும் பொறுக்கும்படி இறைஞ்சப் போன நவீன்மாதவ் அவமதிக்கப்பட்டு, துரையை எதிர்த்து உதைத்து, மண்டை உடைந்து மாள்கிறான். தாய் சாவித்திரி பித்துற்று, தன் இளைய மருமகளையே கொன்று, தெளிவு வந்தபோது செய்ததை அறிந்து உயிர் விடுகிறாள். ஐந்து அங்கம் முடியும்போது மேடையில் எஞ்சி நிற்பவன் பிந்துமாதவ் ஒருவனே.

இத்தனை சாவு ஒரு நாடகத்துக்கு ஆகாது என்று இலக்கணம் அறிந்தவர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். குறை உண்மையே. பாசு வீட்டுப் பெரியவர்கள் வாய் திறந்தால் வடமொழித் தொடர்கள் அணிவகுத்து வருகின்றன. துன்பத்தின் நடுவிலும் அவர்கள் உரைநடைப் புத்தகம் வாசிப்பது போலவே அழுகிறார்கள். ஆனால் அதே மேடையில் குடியானவனும், வேலைக்காரி ஆதுரியும், தின்பண்டம் விற்கும் பதி மயராணியும் வந்து பேசத் தொடங்கினால், திடீரென்று ஊர் கண்முன் நிற்கிறது. அவர்கள் பேச்சில் சேறும் உண்டு, சிரிப்பும் உண்டு, அவையிற் சொல்லத் தகாதனவும் உண்டு. பங்கிம் சந்திரர் தம் நண்பரைப் பற்றி எழுதுகையில், தீனபந்துவின் பரிவு அத்தகையது. அந்த மாந்தரின் பேச்சைத் திருத்த முற்பட்டிருந்தால் அந்த மாந்தரையே சிதைத்திருப்பார் என்ற கருத்தைச் சொன்னார். அமெரிக்க அடிமைமுறையைச் சாடிய ‘டாம் மாமாவின் குடிசை’ என்ற கதையோடு இந்நாடகத்தை ஒப்பிட்டவரும் அவரே.

நிற்க. இந்நாடகத்தை வெள்ளையன் கொடுமையைச் சொல்லும் நாடகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். படித்துப் பார்த்தால் அவ்வாறு முடிக்க முடியவில்லை. இரண்டு துரைகளால் ஓர் ஊரை அடக்க முடியுமா? நிலம் அளப்பவன் யார்? கணக்கு எழுதுபவன் யார்? பொய்ச்சாட்சியைத் தயார் செய்பவன் யார்? தடியைத் தூக்குபவன் யார்? எல்லாரும் ஊர்க்காரர்கள். இவர்களைத் தீனபந்து மறைக்கவில்லை. அவருடைய கண்ணாடியில் துரையின் முகத்தினும் தெளிவாக விழுந்திருப்பது துரைக்குச் சேவகம் செய்தவர்களின் முகம்.

கோபிநாத் என்னும் திவானை எடுத்துக்கொள்வோம். எழுத்தும் கணக்கும் அறிந்த காயஸ்த வகுப்பைச் சேர்ந்தவன். காயஸ்தனால் இந்த வேலை ஆகாது என்று துரை இகழும்போது, சாதியால் எப்படியாயினும் தொழிலில் எந்தக் கீழ்மைக்கும் தான் பின்வாங்கியதில்லை என்று அவனே எடுத்துரைத்துத் தன் தகுதியை நிலைநாட்டிக் கொள்கிறான். எந்தக் குடும்பத்தை எந்த வழக்கில் சிக்க வைக்கலாம் என்று துரைக்குச் சொல்லிக் கொடுப்பவன் அவனே. துரைக்கு ஊரும் தெரியாது, உறவுமுறையும் தெரியாது. எந்தக் கிழவனைச் சிறையிலிட்டால் எந்த மகன் வளைவான் என்ற அறிவு உள்ளூர்க்காரனிடமிருந்தே வரவேண்டும். இத்தனைக்கும் கைம்மாறாக அவனுக்குக் கிடைப்பது சம்பளமும் பூட்ஸ் காலின் உதையும். உதைபட்டு விழுந்தவன் எழுந்து மேலிலுள்ள மண்ணைத் தட்டிக்கொண்டே, இவ்வளவு உதைகளையும் செரிக்கும் தன் வயிற்றைத் தானே எள்ளிக்கொள்கிறான். அந்த ஒரு கணம் அவன் மீது நமக்கு இரக்கம் வருகிறது. அடுத்த காட்சியில் அவன் முன்போலவே கணக்கைப் பிரிக்கிறான், இரக்கம் போய்விடுகிறது. தீனபந்து அவனை அரக்கனாக்கவில்லை என்பதுதான் நம்மைத் தொல்லைப்படுத்துகிறது.

ஆமீன் என்ற நில அளவைக்காரன் இன்னும் சிறிய மனிதன். சாதுசரணின் வயலை அளக்க வந்த இடத்தில் அவர் மகளைக் காண்கிறான்; கண்ட கணத்திலேயே, இவளைச் சின்னத் துரைக்குக் காட்டினால் தன் உத்தியோகம் உயரும் என்று கணக்குப் போடுகிறான். அவனிடம் பகையில்லை, வெறியில்லை. பதவி உயர்வு ஒன்றே அவன் நோக்கம். பதி மயராணியோ, தான் செய்வது இன்னதென்று அறிந்து, தன்னையே வெறுத்துக்கொண்டு, ஆயினும் செய்து முடிக்கிறாள். தெருப் பிள்ளைகள் அவளைக் கேலி செய்து பாடுகிறார்கள். கோபிநாத்தை அப்படிக் கேலி செய்ய ஊரில் யாருக்கும் துணிவில்லை. ஒரே பாவத்தின் இரண்டு பங்காளிகளுள் ஏழைப் பெண்ணுக்குத் தெருவில் தண்டனை, படித்தவனுக்குத் திண்ணையில் ஆசனம்! இந்த வேறுபாட்டைத் தீனபந்து உரக்கச் சொல்லவில்லை. காட்சிகளை அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

நாம் யார் என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்க இயலாது. தமிழகத்திலிருந்து கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் வந்த நம் முன்னோர்களிற் பெரும்பாலோர் உழுகலப்பையோடு வந்தவர்கள் அல்லர். எழுத்தும் கணக்கும் சுருக்கெழுத்தும் கற்று, யாரோ ஒருவருடைய கச்சேரியில் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்தவர்கள். நாணயமாக உழைத்தவர்கள், அதனால் நற்பெயரும் பெற்றவர்கள். எனினும் மேடையில் கோபிநாத் பேரேட்டைத் திறக்கும்போது, அந்தப் பேரேட்டின் கோடுகள் நமக்கு நன்கு பழகிய கோடுகள். எழுதும் கணக்கு யாரை வதைக்கும் என்று கேட்பது கணக்கனின் வேலையா, அல்லவா? இந்நாடகத்திலே கோபிநாத் அக்கேள்வியை ஒருமுறையும் கேட்பதில்லை.

மறுபுறம் தோராப் நிற்கிறான். எழுத்தறியாதவன். கிடங்கில் அடைபட்டு, பாசு குடும்பத்துக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லும்படி வதைக்கப்படும்போது, உப்பிட்டவர்க்கு இரண்டகம் செய்வதினும் சாவது மேல் என்று தன்னைச் சூழ்ந்த அஞ்சிய குடியானவர்களிடம் சொல்பவன் அவனே. க்ஷேத்திரமணியை மீட்கும் காட்சியில் ரோக் துரையை முழங்காலால் அமுக்கிப் புடைக்கிறான். நாமும் அவர்களைப் போலக் கொடியவர்களாக வேண்டாம் என்று நவீன்மாதவ் தடுக்கிறான். இறுதியில், நவீன்மாதவ் அடிபட்டு விழுந்தபோது, தோராப் பாய்ந்து பெரிய துரையின் மூக்கைக் கடித்தெடுக்கிறான். அதை மடியிலே முடிந்து வைத்துக்கொண்டு, ஐயா பிழைத்தெழுந்தால் காட்டலாம் என்று காத்திருக்கிறான். கேட்பதற்கு அருவருப்பும் நகைப்பும் சேர்ந்து வரும் செய்தி இது. ஆனால் இவ்வளவு பெரிய துன்பக் கதையில் துரையின் உடம்பில் விழுந்து நிலைத்த வடு அது ஒன்றுதான். அதை இட்டவன் எழுத்தறியாக் குடியானவன். மனு எழுதியவர்களும், வக்கீல் வைத்தவர்களும், அறம் பேசியவர்களும் மாண்டு போகிறார்கள். தோராப் இருளில் தப்பிச் செல்கிறான்.

இங்கே ஒரு வினா எழுகிறது. நாடகம் வெளிவந்தபோது வயல்களில் நடந்து கொண்டிருந்தது தோல்வியன்று. குடியானவர்கள் அவுரி விதைக்க மறுத்து, அம்மறுப்பில் நிலைத்து நின்றிருந்தார்கள். விசாரணைக் குழுவும் 1860 ஆகஸ்டில் தன் அறிக்கையைக் கொடுத்து, முறையே பழுதுடையது என்று கூறிவிட்டது. சில ஆண்டுகளில் கொட்டில்கள் பல மூடப்பட்டுச் சாயத் தொழில் பீகாருக்கு நகர்ந்தது. அங்கே சம்பாரணில் 1917-இல் காந்தியடிகள் சென்று பார்த்ததும் இதே நோயின் பிற்காலத் தோற்றமே. அப்படியிருக்க, வென்று கொண்டிருந்த குடியானவனைத் தீனபந்து ஏன் நடுவில் நிறுத்தவில்லை? ஏன் ஒரு நல்ல நிலக்கிழார் வீட்டின் அழிவையே கதையாக்கினார்? வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா 1974-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வினாவைக் கடுமையாகவே கேட்டார். குடியானவரின் எழுச்சியைத் தாராள நோக்குடைய நடுத்தர வகுப்பாரின் கண்ணாடியிலேதான் இந்நாடகம் காட்டுகிறது. சட்டத்திலும் நல்ல ஆங்கிலேயரிலும் அது வைத்த நம்பிக்கையைக் கவனிக்கவேண்டும் என்பது அவர் வாதம். வாதத்துக்குச் சான்று நாடகத்தின் முன்னுரையிலேயே உள்ளது. அங்கே தீனபந்து, துரைமார் தங்கள் முகத்தை இக்கண்ணாடியிற் பார்த்துத் திருந்துக என்று வேண்டுகிறார். விக்டோரியா அரசியையும் அவருடைய நல்ல அதிகாரிகளையும் போற்றுகிறார்.

குஹாவின் வாதம் வலியது. எனினும் அதை முழுதும் ஏற்க என்னால் இயலவில்லை. முன்னுரையை எழுதியவர் அரசாங்க ஊழியர். தோராப்பை எழுதியவர் ஆற்றங்கரைச் சாவடிகளில் இரவைக் கழித்த வழிப்போக்கர். இருவரும் ஒருவரே ஆயினும், ஒருவர் சொன்னதை மற்றவர் முழுதும் ஒப்புக்கொண்டார் என்று நாடகம் காட்டவில்லை. நவீன்மாதவின் நல்லொழுக்கத்தை அவர் புகழ்ந்து எழுதினார். தோராப்பைப் புகழவில்லை, அவனைப் பேசவிட்டார். எது நிலைத்தது என்று மேடை ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி புத்தகத்தோடு நிற்கவில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லாங் பாதிரியார் கல்கத்தாவை அடுத்த தாகூர்புகூரில் பணி செய்தவர்; வங்க நூல்களுக்கெல்லாம் அட்டவணை தொகுத்தவர். அவர் இந்நாடகத்தைப் பற்றி ஸீட்டன்-காரிடம் சொல்ல, 1861-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 500 படிகள் அச்சாயின. மொழிபெயர்த்தவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதை மறுப்பவர்களும் உண்டு. அச்சான படிகளிற் பல அரசாங்கத் தபால் முத்திரையோடு இங்கிலாந்துக்கும் பிற இடங்களுக்கும் சென்றன. துரைமார் சங்கம் கொதித்தெழுந்தது. முன்னுரையில், துரைமாரைப் புகழ்ந்து எழுதும் இரண்டு பத்திரிகைகளின் ஆசிரியர்கள் ஆயிரம் ரூபாய்க்கு விலை போனவர்கள் என்ற பொருளில், ஏசுநாதரைக் காட்டிக்கொடுத்த யூதாஸோடு ஒப்பிட்ட ஒரு பகுதி இருந்தது. அதையும், துரைமார் அனைவரையும் இழிவுபடுத்தியதையும் குற்றமாக்கி வழக்குத் தொடுத்தனர். அச்சிட்டவர் லாங்கின் பெயரைச் சொன்னார். லாங்கோ ஆசிரியர் பெயரையும் சொல்லவில்லை, மொழிபெயர்த்தவர் பெயரையும் சொல்லவில்லை.

1861 ஜூலையில் நீதிபதி மார்டண்ட் வெல்ஸ் முன்னிலையில் விசாரணை நடந்தது. தீர்ப்பு: ஒரு மாதச் சிறையும் 1000 ரூபாய் அபராதமும். அந்தத் தொகை முன்னுரையில் கண்ட அதே ஆயிரம் என்பதை அன்றைய மக்கள் கவனித்திருப்பார்கள். அபராதத் தொகையை அங்கேயே கட்டியவர் காளிபிரசன்ன சிங்கர். மகாபாரதத்தை வங்க உரைநடையாக்கிய பெருமுயற்சிக்கு உரியவர், பெரும் நிலக்கிழார் குடும்பத்தவர். பணத்தை ஒரு நிலக்கிழார் கட்டலாம். சிறையை அவர் கட்ட முடியாது. ஒரு மாதத்தை லாங் சிறையிலேயே கழித்தார். ஸீட்டன்-கார் தம் பதவியை இழந்தார். உண்மையான ஆசிரியரோ தபால் இலாகாவிலேயே தொடர்ந்து பணி செய்து, 1871-இல் ராய்பகதூர் பட்டமும் பெற்று, 1873-இல் காலமானார். மௌனமாக இருந்ததற்காகத் தீனபந்துவைக் குறை கூறலாமா? குடும்பஸ்தரும் அரசாங்க ஊழியருமான ஒருவரிடம் நாம் எவ்வளவு கேட்கலாம்? நாடகம் எழுப்பிய அதே கேள்வி ஆசிரியரையும் தேடி வந்தது என்று மட்டும் சொல்லலாம். பேஹாலாவிலிருந்து தாகூர்புகூர் செல்லும் நெடுஞ்சாலை இன்று ஜேம்ஸ் லாங் சரணி. அவ்வழியே நாள்தோறும் பேருந்திற் செல்வோரில் நம்மவரும் பலர்.

நூலாக வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இந்நாடகம் கல்கத்தா மேடை ஏறியது. அதற்கு முன் கல்கத்தாவில் நாடகம் பார்ப்பதென்றால் பெரிய மனிதர் மாளிகையில் அவர் அழைப்பின் பேரில் பார்ப்பது. பாக்பஜார்ப் பகுதி இளைஞர்கள் சிலர் அந்நிலையை மாற்ற எண்ணி ‘நேஷனல் தியேட்டர்’ என்று பெயரிட்டு, சித்பூர்ச் சாலையில் மதுசூதன் சன்யாலின் வீட்டு முற்றத்தில், 1872 டிசம்பர் 7-ஆம் நாள் கட்டணச் சீட்டு வைத்து நாடகம் நடத்தினார்கள். காசு கொடுத்தவன் எவனும் உட்காரலாம். அந்த முதல் இரவுக்கு அவர்கள் தேர்ந்தது நீலக் கண்ணாடி. அர்த்தேந்து சேகர் முஸ்தபி என்ற பெருநடிகர் ஒருவரே உட் துரையாகவும், கோலோக் பாசுவாகவும், சாவித்திரியாகவும் நடித்தார். கொடுமை செய்பவனும், அதனால் மாய்பவனும், பித்தாகும் மனைவியும் ஒரே உடம்பில்! பிற்காலத்தில் வித்யாசாகரர் இந்நாடகம் காண வந்து, துரை வேடக்காரரின் மீது செருப்பை எறிந்தார் என்றும், நடிகர் அதைத் தலைமேல் வைத்துப் பரிசாக ஏற்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையாகவே வைத்துக்கொள்வோம், ஊருக்கு அது வேண்டியிருந்தது.

கதையல்லாத நிகழ்ச்சி லக்னோவில் நடந்தது. 1875-இல் கிரேட் நேஷனல் தியேட்டர் குழுவினர் வட இந்தியப் பயணத்தின்போது அங்கே இதை நடித்தனர். ஐரோப்பியர் பலர் பார்க்க வந்திருந்தனர். தோராப் ரோக் துரையைப் புடைக்கும் காட்சி வந்ததும் சிலர் இருக்கையை விட்டெழுந்து மேடையை நோக்கிப் பாய்ந்தனர். நாடகம் நின்றது, குழுவினர் ஊரை விட்டே அகல வேண்டியதாயிற்று. அக்குழுவில் இளம் நடிகையாக இருந்த வினோதினி தாசி தம் வாழ்க்கைக் குறிப்பில் அந்த இரவின் அச்சத்தை எழுதியிருக்கிறார். கோலோக்கின் சாவையும் நவீன்மாதவின் நல்லுரைகளையும் பொறுத்துக்கொண்ட அவை, குடியானவன் கை ஓங்கியதைப் பொறுக்கவில்லை.

அதன்பின் சட்டம் வந்தது. 1876-இல் வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி எழுந்த ஓர் எள்ளல் நாடகம் உடனடிக் காரணம் ஆயிற்று. தேயிலைத் தோட்டக் கொடுமையைச் சொன்ன ‘சாகர் தர்பண்’ போன்று நீலக் கண்ணாடியைப் பின்பற்றி எழுந்த நாடகங்களும் அரசாங்கத்தின் கண்ணை உறுத்தின. அவ்வாண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம், மேடையேறும் எதையும் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை அளித்தது. விடுதலைக்குப் பின்னும் அது புத்தகத்தில் இருந்தது. 1953-இல் அதே லக்னோவில் பிரேம்சந்தின் ‘ஈத்கா’ கதையைத் தழுவிய நாடகத்தின் மீது அது பாய்ந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1956-இல் அச்சட்டம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. ஏட்டிலிருந்து அது நீங்கியது 2018-இல். நம் சென்னை மாநிலமும் பின்வாங்கவில்லை. எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய கொந்தளிப்பிடையே 1954-இல் தனியே ஒரு நாடகச் சட்டம் இயற்றிற்று. அதன் முதன்மையான பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாதனவாக்கியது. சித்பூர் முற்றத்தில் ஏற்றிய விளக்கின் நிழல் நம் ஊர்க் கொட்டகை வரை நீண்டது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டா.

நம் சங்கத்தின் நாடகக் குழுவினர் ஆண்டுதோறும் விழா நெருங்கும்போது என்ன நாடகம் போடுவது என்று கவலைப்படுகிறார்கள். இதை எடுத்தால் என்ன என்று எண்ணியதுண்டு. சிக்கல்கள் இரண்டு. ஒன்று, தோராப்பின் பேச்சு. அவனை ஏட்டுத் தமிழில் பேச வைத்தால் பாசு வீட்டாரில் ஒருவனாகிவிடுவான். தஞ்சைக் கீழத்தெருப் பேச்சா, தென்னார்க்காட்டு அவுரிக் காட்டுப் பேச்சா, எதைக் கொடுப்பது? நம் இளைஞர்களில் ஊர்ப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்தவர் குறைந்துவிட்டனர். பெரியவர்கள் ஒத்திகைக்கு வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது சிக்கல் கோபிநாத். உட் துரை வேடத்துக்குத் தொப்பியும் பூட்ஸும் போதும். போட்டிக்கே ஆள் வரும். கோபிநாத்தாக வருபவர் உதைபட்டு விழுந்து, எழுந்து, மேலிலுள்ள மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடியும் பேரேட்டைப் பிரிக்க வேண்டும். அவை அதைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. அந்த வேடத்துக்கு உரியவரை நம் கணக்கர்களுக்கு இடையேதான் தேட வேண்டியிருக்கும்.